மை டீச்சரும் பேட்டரித் தண்ணீரும்

என் அண்ணிக்கு என்னைவிட வயது குறைவு. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக அவளை அண்ணி என்று கூப்பிடுகிறேனே தவிர, பேச்செல்லாம் வா, போ, சும்மா இரு என்பதுதான். அவளும் பதிலுக்கு வாய் நிறைய "நாத்தனாரே" என்பாள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று இத்தனை வருடமாக என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரே வீட்டில் அவர்கள் கீழே இருக்கிறார்கள், நான் மாடியில் இருக்கிறேன்.

அண்ணிக்கு வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பெரிய ஸ்கூல் ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, இரண்டு வண்டி, ஒரு முதலாளி. அந்த இரண்டு வண்டியில் ஒன்று அண்ணியுடையது மாதிரி. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் பக்கம் உட்கார, அண்ணி அடுத்த சீட்டில் உட்காருவாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க அவள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் கண்ணாடி. முழங்காலுக்கு நேராக டேஷ்போர்டுப் பெட்டி. இந்தக் கதையில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஊரில் அவளுக்கு மை டீச்சர் என்று பெயர். கண்ணுக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, ஓரத்தில் இரண்டையும் சேர்த்து ஒரு வால். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே கண் இரண்டும் முன்னால் வந்துவிடும், அண்ணி பின்னால் வருவாள். மாடி வீட்டுக்காரி நான், அவளை விடிந்தும் விடியாமலும் பார்த்திருக்கிறேன், காய்ச்சலில் படுத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். மை இல்லாத முகத்தை மட்டும் பார்த்ததே இல்லை. கட்டிக்கொண்ட என் அண்ணனாவது பார்த்திருக்கிறானா என்று ஒருநாள் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரன்ட் போயிருந்துச்சு" என்றான்.

வண்டி விஷயத்தில் அவளைப்போல் கறாரான ஆளைத் தேடினாலும் கிடைக்காது. டயரின் ஓரத்தில், அது எந்த வருடம், எத்தனையாவது வாரம் பிறந்தது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்களாம். புதிதாகச் சேருகிறவர்கள் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் மண்டியிட்டு அதைப் படித்துச் சொல்ல வேண்டும். "பாக்க நல்லாத்தானே இருக்கு டீச்சர், தேதி எதுக்கு?" என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் தொலைந்தது.

"ரப்பர் பாக்க நல்லாத்தான் இருக்கும். வெயில்ல கெடந்து உள்ளுக்குள்ள செத்துப்போயிருக்கும். வேகத்துல போறப்பதான் அது உனக்குச் சொல்லும். அப்ப கேக்குறதுக்கு நீ இருக்க மாட்ட" என்று ஆரம்பித்து, பிரேக் ஆயில், என்ஜின் ஆயில், வைப்பர் ரப்பர் என்று ஒவ்வொன்றின் ஆயுசையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் சாவியையே கையில் கொடுப்பாள். அடுத்து எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர் அவள் வண்டிக் கண்ணாடியில் ஒருநாளும் தேதி தாண்டி நின்றதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டியைப் பார்ப்பவள், அந்தக் கண்ணுக்கு என்ன விடுகிறோம் என்று மட்டும் பார்க்கவில்லை.

அவளுடைய அலங்காரச் சாமான் மொத்தமும் டேஷ்போர்டுப் பெட்டியில்தான். வீட்டில் கண்ணாடி இருக்கிறது, மேஜை இருக்கிறது, இழுப்பறை இருக்கிறது. ஆனால் ஒரு ஆளை இறக்கிவிட்டு அடுத்த ஆள் ஏறுவதற்குள் முகத்தைச் சரிபார்க்க வேண்டாமா? டீச்சர் பக்கத்துச் சின்னக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்புவாள், பெட்டியைத் திறப்பாள், இரண்டு இழுப்பு இழுப்பாள், மூடுவாள். வண்டியோ கொட்டகைக்கு வெளியே மொட்டை வெயிலில் நிற்கும். கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு அடிக்கும். லிப்ஸ்டிக் உருகி, ராத்திரி ஆறி, மறுபடி உருகி, கடையில் வாங்கியபோது இருந்த உருவத்தை மறந்தே போயிருந்தது. பவுடர் கெட்டியாகி ஓரம் வெடித்திருந்தது. கண்மைக் குப்பிதான் பாவம், அடிக்கடி காய்ந்துபோகும்.

காய்ந்தால் அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அதைக் கேட்டு ஒரு டாக்டரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்த வருடம் அவளுடைய லைசன்ஸ் முடிகிற வருடம். புதுப்பிப்பதற்குக் கண் டாக்டர் ஒருவர், பார்வையும் கண்ணும் நன்றாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இத்தனை வருடத்தில் அது ஒரு பெரிய விஷயமாகவே இருந்ததில்லை. இந்த முறை இருந்தது. காரணம், முதலாளிக்கு ஒரு மச்சான் வாய்த்திருந்தான். செய்துகொண்டிருந்த எந்த வேலையிலும் நிலைக்காதவன், இப்போது டிரைவிங் மாஸ்டர் ஆகலாம் என்று முடிவெடுத்து, கொட்டகை மேஜைமேல் ஒரு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டே வண்டி. இன்னொன்றில் முதலாளியே போகிறார். மச்சானுக்கு இடம் வேண்டுமென்றால் யாருடைய சீட் காலியாக வேண்டும் என்று கணக்குப் போட வாத்தியார் வேண்டாம்.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்காரி பேச்சுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். "லைசன்ஸ் இல்லாம என் வண்டியில உக்கார முடியாதும்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள கொண்டுவந்துடு. இல்லன்னா அந்தச் சீட்ட மச்சானுக்குத்தான் குடுக்கணும். எனக்கு வீட்ல சோறு வேணுமில்ல?" என்று சொல்லிவிட்டார்.

சரியாக அந்தச் சமயம் பார்த்து அண்ணிக்குக் கண் அரிக்க ஆரம்பித்தது.

காலையில் இமை ஒட்டிக்கொண்டது. மத்தியானம் கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. முதலில் தூசி என்றாள். பிறகு வண்டி ஏசி என்றாள். பிறகு, கற்றுக்கொள்ள வருகிற வங்கிக்காரர் போட்டுக்கொண்டு வரும் சென்ட் என்றாள். அந்த மனுஷன் சென்டே போடுவதில்லை, வியர்வைதான். அரிக்க அரிக்க இமை சிவந்தது. சிவந்தது தெரியக்கூடாது என்று கோட்டை இன்னும் தடிப்பாக இழுத்தாள். தடிப்பாக இழுத்ததும் இன்னும் அரித்தது. திருடனையே காவலுக்கு நிறுத்திவிட்டு வீடு கொள்ளை போகிறதே என்று அழுத கதைதான்.

"டாக்டர்கிட்ட போறப்ப மை போடாம வா" என்று நான் சொன்னேன்.

"நாத்தனாரே, கல்யாணத்துக்குப் போறப்ப செருப்பில்லாம போவியா?"

"இதுல கல்யாணம் எங்க வந்துச்சு?"

"செருப்பு வந்துச்சில்ல, அத மட்டும் பாரு" என்றாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கண் டாக்டர் வெடுக்கென்று பேசுகிற பெண்மணி. அண்ணி உட்கார்ந்ததும் முகத்தைப் பார்த்தார், டார்ச்சை எடுத்தார், வைத்துவிட்டார். "எனக்குக் கண்ணக் காணோம். மொதல்ல அத வெளிய எடுங்க" என்று நர்சிடம் சொன்னார். நர்ஸ் பஞ்சை நனைத்துக் கொடுத்தார். ஒரு பஞ்சு கறுத்தது. இன்னொன்று கறுத்தது. பழைய சுவரைச் சுரண்டினால் போன தடவை அடித்த கலர் வருகிற மாதிரி, மைக்குக் கீழே இன்னொரு மை வந்தது. கடைசியில் இமை வந்தது. ஓரமெல்லாம் தடித்து, மயிர்க்கால்கள் சிவந்து கிடந்தது.

"இந்த மை வாங்கி எவ்வளவு நாளாச்சு?" என்றார் டாக்டர்.

"புதுசுதான் டாக்டர்."

"புதுசுன்னா?"

அண்ணி என் பக்கம் கையைக் காட்டி, "இவங்க மாடிப்படிக்குப் பெயின்ட் அடிச்சாங்கல்ல, அப்ப வாங்கினது" என்றாள்.

அந்தப் பெயின்ட் உரிந்து, கம்பி துருப்பிடித்து, அடுத்த பெயின்ட் எப்போது அடிக்கப்போகிறாய் என்று அண்ணன் என்னைக் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும்.

"இத்தனை நாள் எப்படிக் காயாம இருக்கு?"

"காயும் டாக்டர். காஞ்சா ரெண்டு சொட்டு பேட்டரித் தண்ணி விட்டுக் குலுக்குவேன். மறுபடி நல்லா எழுதும்."

டாக்டர் எழுந்தது அப்போதுதான். "ஆசிட்டா?"

"ஐயோ, ஆசிட் இல்ல டாக்டர்! பேட்டரி வத்திப்போனா ஊத்துவோமே, சுத்தமான தண்ணி. உப்பு கிடையாது, மண்ணு கிடையாது, ஒண்ணும் கிடையாது. குடிக்கிற தண்ணியவிட சுத்தம். குழாத்தண்ணிய நான் கண்ணுக்கு விடவே மாட்டேன்" என்றாள் அண்ணி. தன் கண்மீது தனக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள் என்கிற தோரணையில் சொன்னாள்.

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். "அந்த பாட்டில் எங்க இருக்கு?"

"டிக்கியில. ஸ்டெப்னிக்குப் பக்கத்துல."

"தெறந்து எவ்வளவு நாளாச்சு?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்க ஊத்துறப்ப சுத்தமா இருந்தாலும் பிரயோஜனம் இல்லம்மா. கண்ணுல பட்ட பிரஷ் திரும்பக் குப்பிக்குள்ள போகுது. இமையில இருக்கிற கிருமியும் அதோட உள்ள போகுது. அது பெருகாம இருக்கத்தான் மையில மருந்து கலந்து விக்கிறாங்க. அதுல தண்ணி ஊத்தினா மருந்து நீர்த்துப்போயிடும். அப்புறம் கிருமிக்குக் கொண்டாட்டம். வெயில்ல கெடந்தா இன்னும் கொண்டாட்டம். குப்பியில வர்ற மை, மஸ்காரா எல்லாம் மூடியத் தெறந்தா மூணு மாசம், மிஞ்சினா ஆறு மாசம். அவ்வளவுதான் ஆயுசு."

"நாத்தம் ஒண்ணும் வரலையே டாக்டர்? பாக்க நல்லாத்தானே இருந்துச்சு?"

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய மறுநிமிடம் வாய் சும்மா இருக்கவில்லை. "ரப்பர் பாக்க நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

சிவந்த கண்ணால் முறைத்தால் அதன் பலன் வேறு. நான் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரம் வண்டிப் பக்கம் போகக்கூடாது, கண்ணுக்கு ஒன்றும் போடக்கூடாது, கண்ணில் பட்ட சாமான் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது, அதற்குப் பிறகு வாருங்கள் என்றார். மாதக் கடைசிக்கு அது நெருக்கிப் பிடிக்கிற கணக்கு. அன்றைக்கும் கண் சரியாகவில்லை என்றால் சீட் மச்சானுக்குத்தான். அண்ணிக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

"மை இல்லாம எப்படி டாக்டர் வெளிய போறது?"

"கதவத் தெறந்து" என்றார் டாக்டர்.

வரும் வழியில் கொட்டகைக்குப் போய், டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளி வந்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கொட்டினோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக வந்துகொண்டே இருந்தது. நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். தினமும் அலமாரி அலமாரியாகக் காலாவதித் தேதி பார்த்துப் பிரித்து வைக்கிறவள். ஆகவே நாற்காலியை இழுத்துப் போட்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்தேன். டப்பாவின் அடியில் மூடி திறந்த ஒரு ஜாடிப் படம் குட்டியாகப் போட்டு, உள்ளே ஒரு எண் எழுதியிருப்பார்கள். திறந்ததிலிருந்து அத்தனை மாதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அண்ணி அதை இத்தனை நாளும் குப்பையை இங்கே போடு என்கிற படம் என்று நினைத்திருந்தாளாம்.

கண்ணில் பட்டதெல்லாம் முதலில் போயிற்று. கண்மை, பென்சில், மயிர் உதிர்ந்த பிரஷ். "கண்ணுக்குப் போட்டதுல பாவ புண்ணியம் பாக்காத" என்றேன். எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்ற கிரீமை மோந்து பார்த்தாள். டப்பாவை உடனே மூடிவிட்டாள். "இது என்ன, பழைய பெயின்ட் வாசன அடிக்குது?"

"அப்ப மாடிப்படிக்கு அடிச்சிடலாம்."

பவுடரில் மேலே எண்ணெய்ப் பசை ஏறி, பஞ்சு உரசினால் ஒட்டவே இல்லை. அதுவும் போயிற்று. ஒவ்வொன்றையும் கூடையில் போடும்போது அண்ணி ஒரு காரணம் சொன்னாள். இது அந்தக் கடை மூடும்போது வாங்கியது, இது இப்போது வருவதே இல்லை, இந்தச் சிவப்பு இப்போது யார் செய்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே கூடையை நகர்த்தினேன். கடைசியில் பையின் மூலையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக் வந்தது. அட்டைப்பெட்டியோடு, பிரிக்கவே இல்லாமல்.

"இதப் போட மாட்டேன்" என்று கையால் மூடிக்கொண்டாள். "உங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. எனக்கு இந்த வேலை கெடச்ச அன்னிக்கு. அந்த மனுஷன் அவராப் போய், அவராப் பாத்து, எனக்குன்னு வாங்கின ஒரே சாமான்."

அண்ணன் தபால் அலுவலகத்தில் இருக்கிறவன். மற்றவர்கள் எழுதியதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பானே தவிர, தானாக நாலு வார்த்தை பேசமாட்டான். அவன் வாங்கியது என்றதும் எனக்கும் அதைத் தூக்கிப்போட மனசில்லை. ஆனாலும் மருந்துக்கடைப் புத்தி போகுமா? அட்டையைத் திருப்பினேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் நெம்பினேன். கீழே தேதி. அண்ணன் வாங்கிய நாளிலேயே அதற்கு ஆயுசு சில வாரம்தான் இருந்திருக்கிறது. மேலே ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கர் பாதி விலைக்குத் தள்ளுபடி என்றது.

அண்ணனைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். "கடைக்காரர் நல்ல சரக்குன்னார்" என்றான்.

அண்ணிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கண் எரிந்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்களே" என்று அதற்கும் சிரித்தாள். லிப்ஸ்டிக்கை மட்டும் கூடையில் போட விடவில்லை. போட்டுக்கொள்வதற்கு இல்லை, வைத்துக்கொள்வதற்கு என்றாள். காலாவதியானதை நல்ல சரக்கோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தேன்.

"சரி நாத்தனாரே, அப்படியே மாடிக்கு வந்து உன் பெட்டியையும் ஒரு பார்வை பாத்துடலாமா?" என்றாள்.

"அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்" என்று எழுந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீடு படுத்திய பாடு சொல்லி முடியாது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வண்டியைச் செருகி எடுக்கிறவள், வாசல் கதவுக்குப் பயந்தாள். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். கரி ஏறிய சட்டியைக் கழுவிவிட்டேன் என்று அப்படியே கவிழ்த்து வைத்தாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தால் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். கற்றுக்கொண்டிருந்த தையல்காரம்மா போன் செய்து, நீங்கள் வரும்வரை என்று வண்டியில் ஏறியிருக்கிற முதலாளி மச்சான் கத்துகிற கத்தலில் பிரேக் எது கிளட்ச் எது என்றே மறந்துபோகிறது, குப்பைத்தொட்டியைத் தள்ளிவிட்டேன் டீச்சர் என்று அழுதார். "வந்துடறேம்மா, வந்துடறேன்" என்று அண்ணி போனில் சொன்னாள். வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் நான் கேட்டேவிட்டேன். "அப்படி என்னதான்டி இருக்கு அந்த மையில? போடலைன்னா என்ன, ஊர் கல்லெடுத்து அடிக்கவா போகுது?"

கண்ணாடியைக் கழற்றாமலே பேசினாள். "நான் வேலைக்குச் சேந்த மொத நாள், மொத ஆள். மீச வச்ச பெரிய மனுஷன். நான் என் சீட்ல உக்காந்திருக்கேன். அவர் வந்து பின் சீட்ல ஏறி உக்காந்துக்கிட்டார். ரொம்ப நேரம் ஜன்னல் வழியா வெளியவே பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம் என்னைக் கேக்குறார், மாஸ்டர் எப்ப வருவார்னு. நான்தான் கத்துத்தரப்போறேன்னேன். எறங்கிப் போயிட்டார். முதலாளி சிரிச்சிக்கிட்டே சொன்னார், கோவிச்சுக்காதம்மா, நீ உக்காந்திருக்கிறதே தெரியல, அதான்னு. மறுநாள் கண்ணுக்கு இவ்வளவு பெரிசா எழுதிக்கிட்டுப் போனேன். அதுக்கப்புறம் யாரும் என்னைத் தாண்டிப் பாத்ததில்ல."

எனக்கு அவள்மீது பாசம் பொங்கியது. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது பழக்கமில்லை. "சொட்டு மருந்து போட்டியா?" என்றேன். "போட்டேன்" என்றாள்.

இரண்டு வாரம் முடிந்து டாக்டரிடம் போனோம். மாதத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு நாள்தான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இமையைத் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். அந்த "ம்" நல்ல "ம்"மா, கெட்ட "ம்"மா என்று தெரியாமல் நான் நகத்தைக் கடித்தேன். எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். அண்ணி கடைசி வரியைப் படித்துவிட்டு, கீழே அட்டை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். கண்ணுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் எதுவும் வேண்டாம் என்றார்.

லைசன்ஸ் அலுவலகத்தில் கையோடு போட்டோ எடுப்பார்கள். அண்ணியின் கைப்பையில் ஒரு புதுக் கண்மைப் பென்சில் இருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் வாங்கி, மெக்கானிக்கிடம் ஆயில் ஸ்டிக்கர் ஒன்று கேட்டு வாங்கி, மாற்ற வேண்டிய மாதத்தை எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தாள். இன்னும் பிரிக்கவில்லை. கவுன்டரில் இருந்தவர் பழைய கார்டில் இருந்த படத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க அக்காவா?" என்றார்.

அண்ணியின் கை பைக்குள் போயிற்று. உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. இந்தப் படம் இனி அடுத்த தடவை புதுப்பிக்கும்வரை கூடவே வரும். அண்ணி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் சுவரைப் பார்க்கவில்லை. அவள் வெறுங்கையை வெளியே எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, "எடுங்க" என்றாள். கார்டு பிறகு வரும், அதுவரை இதைக் காட்டினால் போதும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.

அங்கிருந்து நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனோம். அண்ணி வேகமாக நடக்கிறவள். அன்றைக்கு அவள் என் பின்னால் வந்தாள். வண்டி வழக்கம்போல் வெயிலில் நின்றது. மச்சான் அண்ணியின் சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்தபடி, டீச்சர் பக்கத்துச் சின்னக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி மீசையைச் சீவிக்கொண்டிருந்தான். வண்டிக்கு வெளியே, டியூட்டி முடிந்து வந்த உடுப்போடு வேறு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், எங்களைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தாள்.

"ஏங்க, மை டீச்சர் எப்ப வருவாங்க?" என்று அண்ணியிடமே கேட்டாள்.

பாவி, இன்றைக்குத்தானா இந்தக் கேள்வி என்று நினைத்தேன். அண்ணியின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"பணம் கட்டி ரெண்டு வாரமாச்சு. தெனமும் வந்து பாத்துட்டுப் போறேன்" என்று நர்ஸ் விடாமல் சொன்னாள். வண்டிக்குள் இருந்த மச்சானைத் தாடையால் காட்டினாள். "இவர் வா வான்னு கூப்பிடுறார். எனக்கு வேணாம். எங்க வார்டுல நாலு பேர் அவங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்க. எவ்வளவு நாள் ஆனாலும் பரவால்ல, அவங்க வந்தாத்தான் ஏறுவேன்."

அண்ணி நேரே நடந்துபோய்த் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கையிலிருந்த லைசன்ஸ் தாளை மச்சான் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் மீசைச் சீப்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, அவன் விட்டுப்போன எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சீட்டை நிமிர்த்தினாள், உட்கார்ந்தாள், சின்னக் கண்ணாடியைப் பின்பக்கத்து ரோட்டுக்குத் திருப்பினாள்.

"வந்துட்டாங்க" என்றாள் நர்ஸிடம். "மொதல்ல அந்த டயர் எப்ப பொறந்துச்சுன்னு பாத்துச் சொல்லு. அப்புறம் ஏறு."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் அந்த வெறும் முகத்தையே பார்த்தாள். குரலைக் கேட்டதும் புரிந்திருக்க வேண்டும். வெள்ளை உடுப்போடு அப்படியே மண்ணில் மண்டியிட்டாள்.

எனக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. புறங்கையால் துடைத்தேன். கை கறுப்பாக வந்தது. அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நாத்தனாரே, அழுறது அப்புறம் இருக்கட்டும். அந்த மையத் தெறந்து எத்தன நாளாச்சு?"

மருந்துக்கடையில் அத்தனை அலமாரிக்கும் தேதி சொல்கிற நான், "அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்" என்று வீட்டைப் பார்த்து நடந்தேன்.